கழித்தல் 1,888: ஒரு வெளிநாடுவாழ் செவிலியரின் வங்கிக் கணக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், 2023 ஜனவரிக் கடைசியில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருவர் வங்கிக் கிளைக்குப் போனார். பர்மிங்காமில் செவிலியராக இருக்கிறார். இறந்துபோன தந்தை இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொரு வைப்புத்தொகை போட்டு, அவரவர் பெயரையே நாமினியாக எழுதிவைத்திருந்தார். மூத்தவரான இவருக்கு உரியது 14 லட்சம் ரூபாய். அதே வங்கியின் மதுரைக் கிளையில் அவருக்குப் பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது. பணத்தை அதில் வரவு வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அலுவலர் கணக்கு எண்ணைத் தட்டினார். திரையில் தெரிந்த இருப்பு: கழித்தல் 1,888 ரூபாய்.

அன்று மாலை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மாமா, நான் வங்கிக்குக் கடன்பட்டிருக்கிறேனாம். ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லையே" என்றார். தந்தையை இழந்த துக்கத்தோடு அந்த அவமானமும் சேர்ந்து அவர் முகம் கறுத்திருந்தது.

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கணக்கு சீராகி, பணம் பர்மிங்காம் போய்ச் சேர்ந்து, பிடித்த வரியும் திரும்பி வந்தபோது 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. இடையில் போன ஒவ்வொரு ரூபாயையும் யார் தலையில் எழுதுவது என்று பிரித்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் வங்கியையும் விட்டுவிட்டேன்.

கணக்கு தேய்ந்த கதை

2013-இல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது தொடங்கிய சம்பளக் கணக்கு அது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்து போனார். சம்பளம் வருவது நின்ற சில மாதங்களில் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றியது. சராசரி இருப்பு 5,000 ரூபாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இதைச் சொல்லும் குறுஞ்செய்தி அவருடைய இந்திய எண்ணுக்குப் போனது. ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண் ஏற்கெனவே அணைந்திருந்தது. கடிதம் போயிருந்தாலும் மருத்துவமனை விடுதிக்குத்தான் போயிருக்கும்.

போன புதிதில் கையில் பவுண்டு இல்லாமல், 2017 அக்டோபரில் இந்திய டெபிட் கார்டை வைத்து அங்குள்ள ஏடிஎம்மில் இரண்டு முறை பணம் எடுத்தார். 18,400 ரூபாய் இருந்த கணக்கு 3,210 ஆனது. வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம், நாணய மாற்றுக்கான கூடுதல் விழுக்காடு, இரண்டின் மேலும் ஜிஎஸ்டி என்று அதில் 923 ரூபாய் போனது. அவர் அந்தக் கணக்கைக் கடைசியாகத் தொட்டது அன்றுதான்.

நவம்பரிலிருந்து மாதம் 100 ரூபாய் இருப்புக் குறைவுக் கட்டணம். அதன் மேல் 18 ரூபாய் ஜிஎஸ்டி. இரண்டு ஆண்டுகளில் 2,832 ரூபாய். ஆண்டுக்கு 177 வீதம் டெபிட் கார்டு கட்டணம், காலாண்டுக்கு 17.70 வீதம் குறுஞ்செய்திக் கட்டணம். எல்லாம் சேர்ந்து 3,327.60. வட்டியாக வந்த சொற்பத்தையும் விழுங்கிவிட்டு 2019 அக்டோபரில் இருப்பு பூஜ்ஜியம் ஆனது. அதோடும் நிற்கவில்லை. மேலும் 16 மாதங்களுக்கு 118 ரூபாய் வீதம் பற்று எழுதி, 1,888 ரூபாய்க் கடனாக வந்து நின்றது.

வெளிநாட்டில் இருப்பவரிடம் ஜிஎஸ்டி எப்படி வாங்கலாம் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சேவை பெறுபவர் வெளிநாட்டில் இருந்தால் அது ஏற்றுமதிபோல் ஆகாதா? ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது: வங்கி தன் கணக்குதாரருக்குச் செய்யும் சேவை, வங்கி இருக்கும் இடத்திலேயே நடந்ததாகக் கொள்ளப்படும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே வரி வாங்கியதில் பிழை இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை, இருப்புக் குறைவுக் கட்டணத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போகக் கூடாது என்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. இன்னொன்று: வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டுகள் கடந்தால் அது செயலற்ற கணக்கு. வங்கி தானே எழுதும் கட்டணமும் வட்டியும் பரிவர்த்தனையில் சேராது. செயலற்ற கணக்கில் இருப்புக் குறைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2014 மே மாதமே சொல்லியாகிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று வந்த சுற்றறிக்கையும் அதையே மீண்டும் சொல்கிறது. இவருடைய கணக்கு 2019 அக்டோபரோடு செயலற்றதாகிவிட்டது. அதற்குப் பிறகு எழுதிய 1,888 ரூபாயும் இரண்டு விதிகளுக்கும் முரண்.

2014-இன் இரண்டு சுற்றறிக்கைகளின் தேதியையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். முப்பது நாளுக்குள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்பதையும் சேர்த்தோம். மூன்றாவது வாரத்தில் இருப்பு பூஜ்ஜியம் ஆனது. குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டியிருக்கவில்லை.

முதல் 3,327 ரூபாய் 60 காசு திரும்பவில்லை. அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். இருக்கும் இடமும் எண்ணும் மாறியதை வங்கிக்கு அவர் சொல்லவில்லை. வங்கி தன்னிடம் இருந்த எண்ணுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. அந்த நட்டம் அவருடையதுதான். அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

சொல்லாமல் விட்ட ஒரு மாற்றம்

வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி போன அன்றிலிருந்தே வெளிநாடுவாழ்பவர். இந்தியாவில் தங்கிய நாள்களை எண்ணும் 182 நாள் கணக்கு, இப்படிப் போகிறவருக்கு வருமான வரிக்கான கதை மட்டுமே. அதை இதோடு குழப்பிக்கொண்டு "இன்னும் ஆறு மாதம் ஆகட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களை வேலைக் காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். போனதும் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு விண்ணப்பம், பாஸ்போர்ட் நகல், விசா நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, எந்த நாட்டில் வரி கட்டுகிறோம் என்ற சுயசான்று: இவ்வளவே. இதைச் செய்யாமல் உள்நாட்டுக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பது அந்தச் சட்டத்தை மீறுவது. 13-ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இவருடைய கணக்கு உறங்கிக்கொண்டே இருந்ததால் அந்தப் பேச்சு எழவில்லை.

2017-இல் இந்த விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால் பர்மிங்காம் முகவரியும் அங்குள்ள கைபேசி எண்ணும் வங்கிக்குக் கிடைத்திருக்கும். பின்னால் வந்தவற்றில் பெரும்பகுதி வந்தே இருக்காது. அலுவலர் மேல் எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். 2023 ஜனவரியில் இந்தப் பெண் கிளையில் நேரில் நின்றார். கையில் பாஸ்போர்ட்டும் பிரிட்டனின் குடியிருப்பு அனுமதி அட்டையும் இருந்தன. கணக்கை மாற்றும் வேலை ஒரே அமர்வில் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக வாரிசுச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நாமினி இருக்கும்போது இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளமுமே போதும், பதினைந்து நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பது 2005-இலிருந்து இருக்கும் விதி. தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தே மிச்ச விடுப்பு தீர்ந்தது. விமானம் ஏறிவிட்டார். வங்கி வேலை முழுவதும் ஐயாயிரம் மைல் தொலைவிலிருந்து தபாலில் நடந்தது.

பெயர் நான்கு, ஆள் ஒருவர்

ஆவணம் என்றதும் பலர் கட்டணத்தையும் முத்திரையையும் நினைக்கிறார்கள். தமிழர்களுக்கு முதல் முட்டுக்கட்டை பெயரிலேயே இருக்கிறது.

வங்கிக் கணக்கில் ஓர் இனிஷியல், பிறகு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. பான் அட்டையில் தந்தை பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும். திருமணத்துக்குப் பிறகு பிரிட்டன் ஆவணங்கள் சிலவற்றில் கணவர் பெயர். நமக்கு இந்த நான்கும் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை. அது உண்டு என்று எண்ணிச் செய்த படிவங்களில் தந்தையின் பெயரை எங்கேயாவது திணிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு கட்டத்தில் திணித்துவிடுகிறோம்.

கையெழுத்தும் பொருந்தவில்லை. 2013-இல் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். பாஸ்போர்ட்டில் ஆங்கிலம். தபாலில் வந்த படிவத்தைக் கிளை திருப்பி அனுப்ப அது ஒன்றே போதுமாக இருந்தது. தமிழ்க் கையெழுத்தை மறக்காமல் இருந்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி. பழைய படிவத்தில் உள்ளபடி ஒரு முறை, புதிதாக ஒரு முறை என இரண்டையும் ஒரே தாளில் இட்டு, இந்தப் பெயர்கள் யாவும் தம்மையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தோடு அனுப்பினார்.

பிறகு சான்றொப்பம். அங்குள்ள நோட்டரியிடம் 90 பவுண்டு கொடுத்து நகல்களில் முத்திரை வாங்கினார். இந்தியத் துணைத் தூதரகத்தின் முத்திரைதான் வேண்டும் என்றது கிளை. பர்மிங்காமிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது என்றாலும், இரவுப் பணி பார்ப்பவருக்கு அது ஒரு நாள் ஊதியம். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கான ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறை, வெளிநாடுவாழ் இந்தியரின் ஆவண நகலுக்குச் சான்றளிக்கத் தக்கவர்களைப் பட்டியலிட்டிருக்கிறது: இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அலுவலர், இந்திய வங்கிகளோடு தொடர்புள்ள அந்நாட்டு வங்கியின் கிளை, நோட்டரி, நீதிமன்ற நடுவர், நீதிபதி, இந்தியத் தூதரகம். இவர்களில் ஒருவர் போதும். அந்தப் பத்தியை நகலெடுத்து இணைத்து அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். கிளை அலுவலர் கெட்ட எண்ணத்தில் மறுக்கவில்லை. தெரியாத கையெழுத்துக்குத் தாம் பொறுப்பாகிவிடுவோமோ என்ற அச்சம் அது. அச்சப்படுகிறவரிடம் வாதாடிப் பயன் இல்லை. அவர் கோப்பில் வைத்துக்கொள்ளத் தாள் கொடுக்க வேண்டும்.

2023 மே மாதம் கணக்கு என்ஆர்ஓ ஆனது. ஜூனில் தந்தையின் பணம் வந்து, அனுப்பும் ஏற்பாடு முடியும் வரை 14 லட்சமும் என்ஆர்ஓ வைப்புத்தொகையாக உட்கார்ந்தது.

31.2 விழுக்காடு

என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு வங்கி 30 விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து 31.2 விழுக்காடு வரி பிடிக்கும். உள்நாட்டில் இருப்பவர், தம் வருமானம் வரி வரம்புக்குள்தான் என்று உறுதிமொழிப் படிவம் (அப்போது 15ஜி) கொடுத்து வரிப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். வெளிநாடுவாழ்பவருக்கு அந்த வழி இல்லை. எட்டு மாதத்தில் வட்டி 66,000 ரூபாய் வந்தது. பிடித்த வரி 20,592 ரூபாய்.

இந்தியா–பிரிட்டன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இந்த வட்டிக்கு 15 விழுக்காடுதான் உச்சம். 9,900 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது. அதற்குப் பிரிட்டன் வரித் துறையின் குடியிருப்புச் சான்றும், ஒப்பந்தச் சலுகைக்கான விவரப் படிவமான 10எஃப்-உம் அப்போது வேண்டியிருந்தன. அந்தச் சான்றை வாங்கி அனுப்பினார். அது அந்நாட்டு வரி ஆண்டுக்கானது, ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை. நம் நிதியாண்டோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31. ஐந்து நாள் விடுபட்டிருக்கிறதே என்று வங்கியின் மைய அலுவலகம் திருப்பிவிட்டது.

இந்த இடத்தில் நான் அவரைப் போராட வேண்டாம் என்று தடுத்தேன். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: வெளிநாடுவாழ்பவருக்கும் அடிப்படை வரி விலக்கு வரம்பு உண்டு. இந்தியாவில் அவருக்கு வேறு வருமானமே இல்லை. 66,000 ரூபாய் அந்த வரம்புக்கு மிகக் கீழே. ஆகவே 15 விழுக்காடுகூட அவர் கட்ட வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் 20,592 ரூபாயும் திரும்பி வரும். ஒப்பந்தச் சலுகைக்காக மாதக்கணக்கில் தாள் சேர்ப்பது, வட்டி வருமானம் பெரிதாக உள்ளவர்களுக்கான வேலை. அந்த வட்டியைப் பிரிட்டனிலும் வருமானமாகக் காட்டுவது பற்றி அங்குள்ள கணக்கரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

தாக்கல் செய்யப் போனால் பான் செயலிழந்திருந்தது. 2023 ஜூன் 30-க்குள் ஆதாரோடு இணைக்காத பான்கள் முடங்கின அல்லவா, அந்த வரிசையில் இதுவும். வெளிநாடுவாழ்பவர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் இவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது வருமான வரித் துறைக்கும் தெரியாது. வங்கிக்குச் சொல்லாதது போலவே அங்கும் சொல்லவில்லை. முடங்கிய பானுக்கு ரீஃபண்ட் வராது. பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களோடு தம் வரம்புக்குட்பட்ட மதிப்பீட்டு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு பான் உயிர்பெற்றது. 2024 ஜூலையில் கணக்குத் தாக்கல், செப்டம்பரில் முழுத்தொகையும் அதே என்ஆர்ஓ கணக்கில்.

பணம் கடல் கடந்தது

என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மரபுரிமையாக வந்த பணம் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். வரி விவகாரம் முடிந்தது என்பதற்கு, அப்போது இருந்த முறைப்படி, அனுப்புகிறவர் கொடுக்கும் 15சிஏ படிவம், ஆடிட்டர் தரும் 15சிபி சான்று. ஆடிட்டருக்கு 4,720 ரூபாய் ஆனது. தந்தையின் மரபுரிமைத் தொகைக்கு வரியே இல்லை. அப்படிப்பட்ட தொகைக்கு 15சிஏ-வின் நான்காம் பகுதி மட்டுமே போதும் என்று வாதாடியிருக்கலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் என்றால் பெரும்பாலான கிளைகள் ஆடிட்டர் சான்று இல்லாமல் அசையாது. கொடுத்துவிட்டோம்.

2024 பிப்ரவரியில் அனுப்பும் நாள். காலையில் கிளையிலிருந்து எனக்கு அழைப்பு: "சார், 1,40,000 ரூபாய் டிசிஎஸ் வருகிறது."

எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. டிசிஎஸ் என்பது பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி. இந்தியாவில் வாழ்பவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் அனுப்பும்போது, 7 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 2023 அக்டோபர் 1 முதல் 2025 மார்ச் வரை பொதுவாக 20 விழுக்காடு டிசிஎஸ் இருந்தது. 14 லட்சத்துக்கு அது சரியாக 1,40,000. அந்தத் திட்டமே இந்தியாவில் வாழும் தனிநபருக்கானது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து போவது அதில் வராது. கணக்கு என்ஆர்ஓ ஆகியிருந்தது. வாடிக்கையாளர் விவரப் பக்கத்தில் மட்டும் "உள்நாட்டில் வாழ்பவர்" என்ற பழைய குறி மாறாமல் கிடந்தது. கணினி அதைப் பார்த்துத்தான் வரி கேட்டது. இளம் அலுவலர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து மாற்றினார். அவர் என்னை அழைக்காமல் பொத்தானை அழுத்தியிருந்தால், அந்தத் தொகையைத் திரும்ப வாங்க இன்னோர் ஆண்டு ஆகியிருக்கும்.

அடுத்தது, எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராத கட்டணம். அன்று சந்தையில் பவுண்டு 104.80. வங்கி சொன்ன விலை 106.90. அந்த விலையில் 14 லட்சத்துக்கு 13,096 பவுண்டுதான் கிடைக்கும். வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய 27,500 ரூபாய். இருப்புக் குறைவுக்காக நாற்பது மாதம் அவரிடம் பிடித்தது எல்லாம் சேர்ந்து இதன் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நாணய மாற்று விலை பேசி வாங்கக்கூடியது என்பது பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. மேலாளர் வழியாக, நாணய விலை வைக்கும் கருவூலப் பிரிவிடம் கேட்டோம், 105.40-க்கு இறங்கினார்கள். 13,282 பவுண்டு ஆனது. ஒரு தொலைபேசி அழைப்பில் 186 பவுண்டு.

மற்றவை சிறியவை. நாணய மாற்றின் மீதான ஜிஎஸ்டி 1,062 ரூபாய். இதற்கென ஒரு படிநிலை இருக்கிறது: 10 லட்சம் வரை 5,500, மிச்ச 4 லட்சத்துக்கு 0.1 விழுக்காடாக 400, ஆக 5,900 ரூபாயைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதில் 18 விழுக்காடு. வெளிநாட்டு வங்கிக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணம் வரியோடு 590.

பர்மிங்காமில் வந்து சேர்ந்ததில் 12 பவுண்டு குறைந்திருந்தது. கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் அனுப்பியிருந்தோம். இடையில் நின்ற வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. பணம் அனுப்பும்போது வங்கிகளுக்கிடையே போகும் எம்டி103 செய்தியின் நகலைக் கேட்டு வாங்கினேன். 71எஃப் என்ற வரியில் அந்தப் பன்னிரண்டு பவுண்டும் எழுதியிருந்தது. முழுக் கட்டணமும் அனுப்புகிறவருடையது என்று படிவத்தில் குறித்திருந்தால் அது குறைந்திருக்காது. அதைக் கவனிக்காதது என் பிழை, அவரிடம் சொன்னேன். "அப்பா இருந்தாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார், மாமா" என்றார்.

தங்கையின் கணவருக்கு இப்போது மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்த வாரமே இருவரும் பாஸ்புக்கோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கணக்கை மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பி, அங்கே முகவரி கிடைத்ததும் அனுப்ப எடுத்துவைத்தோம். பெயர்க் கட்டத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதினார்.